எட்டு மணி விமானம் பெட்டிக்கு ஏழு மணி விமானம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளோடு விமானத்தில் போகிறவர்கள் எவ்வளவு நேரம் முன்னதாக விமான நிலையத்துக்குப் போக வேண்டும் என்று உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் கொஞ்ச நாளாகப் பேச்சு நடக்கிறது. மூன்று மணி நேரம் முன்பே போனால்தான் பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட முடியும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதெல்லாம் வீண் பயம், ஒன்றரை மணி நேரம் தாராளம் என்று தூத்துக்குடி வழியாகச் சென்னை போய் வந்த இன்னொருவர் பதில் எழுதினார். இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் யார் எந்த நிலையத்தை மனதில் வைத்துச் சொன்னார் என்று பார்க்காமல் படித்தால் வம்பு.

நான் பாளையங்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். கல்யாணச் சவாரி, ஆஸ்பத்திரிச் சவாரி, திருச்செந்தூர் சவாரி எல்லாம் உண்டு என்றாலும், பாதிப் பிழைப்பு விமான நிலையச் சவாரியில்தான் ஓடுகிறது. திருநெல்வேலிக்கென்று விமான நிலையம் கிடையாது. உள்நாட்டுப் பயணத்துக்கு வாகைக்குளத்தில் இருக்கிற தூத்துக்குடி நிலையம், இல்லாவிட்டால் மதுரை. வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் திருவனந்தபுரம். மூன்றும் மூன்று திசை, மூன்று விதமான சாலை. ஆகவே 'எத்தனை மணி நேரம்' என்ற கேள்விக்கு ஒரே பதில் நம் பக்கத்து ஆட்களுக்குப் பொருந்தாது.

எங்கே போனாலும் மாறாத கணக்கு ஒன்று இருக்கிறது. அதை யாரும் எழுதவில்லை என்றுதான் இந்தக் கடிதம். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம் விமானம் கிளம்புகிற நேரம். நமக்கு வேண்டியது அது இல்லை. உள்நாட்டு விமானம் என்றால் பெட்டி வாங்குகிற கவுண்டரை வழக்கமாக 60 நிமிடம் முன்னால் மூடிவிடுகிறார்கள். வெளிநாடு என்றால் 60 நிமிடம், சில நிறுவனங்களில் 75 நிமிடம். ஏறுகிற வாசலையும் 25 நிமிடம் முன்னால் அடைக்கிற நிறுவனங்கள் உண்டு. ஆக, எட்டு மணி விமானம் என்று டிக்கெட் சொன்னால், பெட்டி இருக்கிறவர்களுக்கு அது ஏழு மணி விமானம்தான். "எட்டு மணி பிளேனுக்கு ஏழுக்குப் போனாப் பத்தாதா அண்ணாச்சி? பஸ் ஸ்டாண்டுல அஞ்சு நிமிஷத்துல ஏறலையா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏழுக்குப் போனால் கவுண்டரில் இருக்கும் பெண் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்திருப்பதைத்தான் பார்க்கலாம். ஒரு குடும்பம் அப்படி நாலு நிமிடத்தில் விட்டது. கைக்குழந்தை இருக்கிறதே, இரக்கப்பட மாட்டார்களா என்று நினைத்தார்கள். அந்த நேரக் கட்டுப்பாடு இரக்கத்துக்கு அடங்காது. அந்தப் பெண் நினைத்தாலும் திரும்பத் திறக்க முடியாது. அன்றைக்கு அவர்களை அதே வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து விட்டேன். வழி நெடுக யாரும் வாய் திறக்கவில்லை.

சரி, ஒவ்வொரு நிலையமாகச் சொல்கிறேன்.

தூத்துக்குடி நமக்குக் கைக்கெட்டும் தூரம். பாளையிலிருந்து முக்கால் மணி நேரம் போதும். வல்லநாட்டுப் பாலத்தில் ஒரு பக்கத்தை அடைத்து வேலை நடந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். 2025 ஜூலை 26-ல் புது முனையம் திறந்த பிறகு உள்ளே நல்ல விசாலம். முன்பு 1,350 மீட்டர் ஓடுபாதை, இப்போது 3,000 மீட்டர். இவ்வளவு வசதி வந்தும் கூட்டம் சென்னை மாதிரி கிடையாது. அங்கே பிள்ளைகளோடு போகிறவர்கள் விமானத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னால் வாசலில் இறங்கினால் போதும் என்பது என் கணக்கு. மூன்று மணி நேரம் முன்பே போகிறவர்களுக்கு வேறொரு தொல்லை வரும். பிள்ளைகள் முதல் ஒரு மணி நேரம் ஓடியாடும், அடுத்த ஒரு மணி நேரம் சிணுங்கும், ஏறச் சொல்லி அறிவிக்கிற நேரம் பார்த்துத் தூங்கிவிடும். தூங்குகிற பிள்ளையையும் மூன்று பைகளையும் தூக்கிக்கொண்டு படி ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

மதுரைக்கு நான்குவழிச் சாலை. கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். உள்நாடு என்றால் இரண்டு மணி நேரம் முன்னால், கொழும்பு, துபாய் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் இருந்தால் சரியாக இருக்கும். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

திருவனந்தபுரம்தான் விஷயம். காவல்கிணறு வரை வண்டி பறக்கும். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே போகலாம். நாகர்கோவில் தாண்டினதும் கதை மாறிவிடும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊர் முடிந்து ஊர் தொடங்குகிற இடமே தெரியாது, அப்படி நெரிசல். வளைவும் பிரேக்குமாகப் போவதால், பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளில் ஒன்றாவது மார்த்தாண்டத்துக்குள் வாந்தி எடுக்கும். நான் எப்போதும் பாலிதீன் பையும் எலுமிச்சம்பழமும் வைத்திருக்கிறேன். நிறுத்தி, கழுவி, சட்டை மாற்றிக் கிளம்ப இருபது நிமிடம். நூற்றைம்பது கிலோமீட்டர்தானே, மூன்று மணி நேரம் போதாதா என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இருபது நிமிடத்தைச் சேர்ப்பதே இல்லை. நாலு மணி நேரம் வையுங்கள். பிள்ளை இருந்தால் இன்னும் அரை மணி நேரம்.

அப்புறம், அங்கே முனையம் இரண்டு. ஒன்று சங்குமுகம் கடற்கரைப் பக்கம், இன்னொன்று சாக்கைப் பக்கம். நடுவில் ஓடுபாதை கிடப்பதால் சுற்றித்தான் போக வேண்டும். டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்த்து டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளியூர் டிரைவர் என்றால் இரண்டு தடவை சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் அந்த ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அந்த இரண்டு நாளும் மாலையில் சில மணி நேரம் விமானமே கிடையாது. நேரத்தை முன்கூட்டியே மாற்றி அறிவித்துவிடுவார்கள் என்றாலும், டிக்கெட் எடுத்த பழைய நேரத்தையே நினைத்துக்கொண்டு கிளம்பி வருகிறவர்கள் உண்டு. சாமிக்காக விமானம் நிற்கிற ஊர் பக்கத்திலேயே இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமைதான்.

திருவனந்தபுரத்திலிருந்து வெளிநாடு போகும் குடும்பம் மூன்றரை மணி நேரம் முன்னால் வாசலில் இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் போய்ப் பயனில்லை. கவுண்டர் பெரும்பாலும் மூன்று மணி நேரம் முன்னால்தான் திறக்கும். அந்த அரை மணி நேரம் எதற்கு என்றால், வாசலில் நடக்கிற கூத்துக்கு.

அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பாதுகாப்புச் சோதனை, குடியேற்றச் சோதனை என்று பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில் நேரத்தைத் தின்பது கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நடக்கிற வழியனுப்புதல். பேட்டையிலிருந்து ஒரு குடும்பம். மருமகனுக்கு ஷார்ஜாவில் வேலை. விடுமுறைக்கு வந்த மகளும் இரண்டு பிள்ளைகளும் திரும்பிப் போகிறார்கள். போகிறவர்கள் என் காரில், அனுப்ப வருகிறவர்கள் பின்னால் ஒரு வேனில். வேன் நிறையச் சித்தி, பெரியம்மை, மாமா, மாமா பிள்ளைகள். வாசலில் இறங்கினதும் பெரியவன், நாலு வயது இருக்கும், ஆச்சியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். "ஆச்சியும் வரட்டும். ஆச்சி வராம நா போவ மாட்டேன்." ஆச்சி அழ ஆரம்பித்தாள். ஆச்சி அழுவதைப் பார்த்து மகள் அழ, மகள் அழுவதைப் பார்த்து இடுப்பில் இருந்த சின்னது வீறிட்டது. மாமா ஒருவர் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். கண் சிவந்திருக்கிறது என்று திரும்ப எடுத்தார். பெரியம்மை பையனின் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்தாள். அவன் அதைக் கீழே போட்டான். காற்றில் பறந்த நோட்டைப் பிடிக்க இரண்டு பேர் ஓடினார்கள். வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் கேட்டபோது, பாஸ்போர்ட் எந்தப் பையில் இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு நினைவில்லை. அல்வாப் பொட்டலத்துக்கு அடியில் இருந்தது.

முக்கால் மணி நேரம் அங்கேயே போய்விட்டது. பையன் அழுதுகொண்டேதான் உள்ளே போனான். அழுகிற பிள்ளையோடு அடுத்து மூன்று வரிசையில் நிற்க வேண்டும் என்றால் எத்தனை மணி நேரம் முன்னால் போனாலும் போதாது.

இப்போதெல்லாம் நான் ஒன்று செய்கிறேன். நெய்யாற்றின்கரை தாண்டினதும் ஒரு டீக்கடையில் இரண்டு வண்டியையும் ஓரங்கட்டச் சொல்லிவிடுவேன். "அழுவதெல்லாம் இங்கேயே அழுதுருங்க, போட்டோவும் இங்கேயே எடுத்துருங்க, பாஸ்போர்ட்ட எடுத்துக் கையில வச்சிக்கோங்க. வாசல்ல ரெண்டு நிமிஷந்தான்" என்று சொல்லிவிடுவேன். முதலில் முகம் சுளிப்பார்கள். டிரைவருக்கு என்ன இவ்வளவு அதிகாரம் என்று ஒரு மாமா முணுமுணுப்பார். ஆனால் அழுது முடித்து, டீயும் பன்னும் சாப்பிட்ட பிள்ளை வாசலில் பெரும்பாலும் டாட்டா காட்டிவிட்டு உள்ளே போய்விடும். பெரியவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

சோதனையைப் பற்றி. அது கதவுக்கு அந்தப் பக்கம் நடக்கிறது, உனக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். மகளோடும் பேத்தியோடும் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு நானும் வீட்டுக்காரியும் போயிருக்கிறோம். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்களைத் திரை போட்ட தடுப்புக்குள் பெண் காவலர்தான் சோதிப்பார். ஆக, குடும்பம் அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும். பிரியப் போகிறது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். யார் யாரோடு போவது என்று வரிசையில் நின்றுகொண்டு முடிவு செய்தால் பின்னால் இருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கையில் பிள்ளை இல்லாதவர் முதலில் போய்விட வேண்டும். அந்தப் பக்கம் நின்று போன், சார்ஜர், பவர் பேங்க், பர்ஸ் எல்லாம் வருகிற தட்டுகளை அவர் எடுத்துவைத்துக்கொள்ளலாம். தள்ளுவண்டி இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டியை மடக்கிப் பெல்ட்டில் போட வேண்டும். என் பேத்தி ஒரு துணி யானையை இடுக்கிக்கொண்டு நின்றாள். யானையும் பெல்ட்டில் போயாக வேண்டும் என்றார்கள். கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அங்கிருந்த பெண் காவலர் குனிந்து, "யானை குகைக்குள்ள போயிட்டு அந்தப் பக்கம் வரும், நீ ஓடிப் போய்ப் பிடி" என்று சொன்னதும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள். எல்லா இடத்திலும் அப்படிப்பட்டவர் வாய்க்க மாட்டார். அதனால் பொம்மையைப் பற்றியும் வீட்டிலேயே பேசிவைப்பது நல்லது.

மற்றதெல்லாம் என் வண்டிக்குத் திரும்பி வருகிற சாமான்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அவர்கள் விமானம் ஏறுகிற நேரம் வரை வெளியே நிற்பேன். உள்ளே விட மாட்டோம் என்று காவலர்கள் சொன்ன பொருளைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை யாராவது வருவார்கள். ஆனித் தேரோட்டக் கடையில் வாங்கின விளையாட்டுத் துப்பாக்கி அடிக்கடி வரும். பொம்மைதானே என்று கைப்பையில் வைத்தால் விட மாட்டார்கள். சுருள் கேப் எதிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது, அது வெடிமருந்து. விடுமுறை முடிந்து போகிற பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸ், கைவினை வகுப்புக் கத்தரிக்கோல் எல்லாம் வந்திருக்கின்றன. வீட்டில் காய்ச்சின நெய் ஒரு தடவை முழு பாட்டிலாக வந்தது. வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் எந்தத் திரவமும் ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் கூடாது. கைக்குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் மட்டும் பயணத்துக்கு வேண்டிய அளவு விடுவார்கள், அதைத் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும்.

அல்வாவைப் பற்றிச் சொல்லாமல் திருநெல்வேலிக்காரன் கடிதம் முடியாது. உணவுப் பொருளெல்லாம் எக்ஸ்ரே திரையில் ஆரஞ்சு நிறமாகத் தெரியுமாம். கிலோக் கணக்கில் நெய்யும் சர்க்கரையுமாக இறுகிக் கிடக்கிற பொட்டலம் கட்டி நிறமாக நின்றால் பையைத் திறக்கச் சொல்லத்தான் செய்வார்கள். திறந்தால் எடுத்த மாதிரி திரும்ப அடுக்க முடியாது. டயப்பர், பால்புட்டி, மாற்றுச் சட்டை எல்லாம் மேசையில் பரந்து கிடக்கும். அல்வாவைக் கவுண்டரில் போடுகிற பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கான கைப்பையில் பிள்ளைகளுக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும்.

கவுண்டரில் தாமதமாவது பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளையால். மடியில் வைத்துக்கொள்ளும் டிக்கெட்டுக்கு வயதுச் சான்று கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழை மேலாக வையுங்கள். போகும்போது இரண்டு வயது ஆகாமல், திரும்பும் தேதிக்குள் ஆகிவிடுகிற பிள்ளைக்குத் திரும்பி வரும் டிக்கெட்டைச் சீட்டோடுதான் எடுக்க வேண்டும். ஏஜென்டிடம் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு அங்கே போய் மல்லுக்கட்டுகிறார்கள். அதே மாதிரி, 12 வயது வரையுள்ள பிள்ளையை அப்பா அம்மாவில் ஒருவர் பக்கத்திலாவது உட்காரவைக்க வேண்டும் என்று 2024-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. ஒரே முன்பதிவு எண்ணில் டிக்கெட் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. தனித்தனியாக எடுத்து நாலைந்து ரூபாய் மிச்சம் பிடித்தவர்கள் அங்கே இந்த உரிமையைக் கேட்க முடியாது.

பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் பால் கொடுப்பதும் சோதனைக்கு முன்பா பின்பா என்று கேட்டால், முன்பே என்பேன். பெட்டி போட்டதும், வரிசையில் நிற்பதற்கு முன்னால். நிறையப் பேர் எல்லாம் முடிந்து உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் குடியேற்ற வரிசையும் சோதனை வரிசையும் சேர்ந்து நீண்டுவிட்டால் மூன்று வயதுப் பிள்ளை தாங்காது. நான் சொல்லும் மூன்றரை மணி நேரத்தில் இதற்கும் பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்திருக்கிறேன்.

உங்கள் பத்திரிகை மூலமாக மூன்று கோரிக்கை. விமான நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியில் கிளம்பும் நேரத்துக்குப் பக்கத்தில், 'பெட்டி வாங்கும் கவுண்டர் இத்தனை மணிக்கு மூடப்படும்' என்று தமிழில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அடியில் பொடி எழுத்தில் போடுவதை எங்கள் பக்கத்து ஆச்சி தாத்தாமார் எப்படிப் படிப்பார்கள்? சக்கர நாற்காலியில் வருகிறவர்களைத் தனியாக அழைத்துப் போகிற மாதிரி, கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குச் சோதனையில் ஒரு வரிசையை ஒதுக்கலாம். கூட்டமான நேரத்துக்கு மட்டும் ஒதுக்கினால்கூடப் போதும்.

மூன்றாவது, வழியனுப்ப வருகிறவர்களுக்கு. வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை, நாளைக்கு என் பேத்தி வெளிநாடு போனால் நானும்தான் வேன் பிடிப்பேன். ஆனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வயதானவர்கள் உட்கார நிழலோடு நாலு பெஞ்சும், பக்கத்தில் ஒரு கழிப்பறையும் எல்லா நிலையத்திலும் தேவைக்குத் தக்க இருக்க வேண்டும். இருந்தால் ஆச்சிமார் கதவை மறித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். பிள்ளை உள்ளே போன பிறகும் விமானம் கிளம்பியது என்று போன் வரும்வரை யாரும் ஊருக்குத் திரும்ப மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இப்போதைக்கு அவர்களை வண்டியில்தான் உட்கார வைக்கிறோம். ஏசி ஓடுகிறது, பார்க்கிங் ரசீதில் மணிக்கணக்கும் சேர்ந்து ஓடுகிறது. அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்று வள்ளியூர் வரை பேச்சு நடக்கும்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
பாளையங்கோட்டை.